கைவிரல் மருவுக்குப் பயம், கர்ப்பப்பை வாய்க்கு வெட்கம்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ராஜபாளையத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமி. படித்துத் தெரிந்துகொண்டதையும் வீட்டில் பார்த்ததையும் கலந்துகட்டி எழுதியிருக்கிறேன். கோபத்தில் எழுதியதால் கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க மக்களே.

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. வங்கதேசத்து 'மர மனிதர்' படம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையிலும் மரத்து வேர் மாதிரி முளைத்துக் கிடக்கும். கீழே கொட்டை எழுத்தில், "உஷார்! கேன்சர் வைரஸ்! உங்கள் கையில் மரு இருந்தால் நீங்களும் இப்படி ஆகலாம்! பத்து பேருக்கு அனுப்பவும்." அனுப்பியது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் மதினி. அப்பா கூடப் பிறந்த அத்தையின் மகள், எனக்கு மூத்தவர்.

சரி, போகட்டும்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழித்து அதே மதினியிடமிருந்து அடுத்தது. "பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பை ஊசி போட வருவார்கள். பெற்றோரே, கையெழுத்துப் போடாதீர்கள். மலடாக்கும் சதி!" மதினிக்கு 13 வயசில் ஒரு மகள் இருக்கிறாள்.

இதில் கூத்து என்னவென்றால், முதல் படத்தில் இருக்கிற வைரஸும் இரண்டாவதில் சொல்கிற ஊசி தடுக்கிற வைரஸும் ஒரே குடும்பம். ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. கையில் மருவாக வந்தால் ஊரைக் கூட்டிப் பயப்படுகிறோம். பெண்ணுக்கு உள்ளே கேன்சராக வரும்போது, தடுக்கிற ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் பயப்படுவதற்கு தனித்திறமை வேண்டும்.

முதலில் இந்த மருவை முடித்துவிடுகிறேன்.

நம்ம பக்கம் மரு, பாலுண்ணின்னு ரெண்டு பேரும் புழங்கும். கழுத்தில் மிளகு மாதிரி மெத்துனு தொங்குமே, அது வேற சமாச்சாரம், பெரும்பாலும் வெறும் தோல் வளர்ச்சி. விரலிலும் முட்டியிலும் சொரசொரன்னு காலிஃபிளவர் பூ மாதிரி வருகிறதே, அதுதான் வைரஸ் வேலை. அஞ்சாப்பு படிக்கும்போது எனக்கு வலது கையில் ஏழு இருந்தது. அம்மான்பச்சரிசியை ஒடித்துப் பால் வைத்தார்கள். கேட்கவில்லை. தெருவில் ஒரு அண்ணன் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைத்துவிட்டான். மரு போகவில்லை, விரல் வெந்துபோனது. தழும்பு இன்னும் இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன். ஊதுபத்தியால் சுட வந்தவனிடம் தப்பித்து ஓடிவிட்டேன் :-)

கடைசியில் அம்மா மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொண்டார். முழுப்பரீட்சை லீவு முடிந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை! அம்மா கோயிலுக்குப் போய் உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு வந்தார்.

பின்னால்தான் படித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற மருவில் பெரும்பகுதி ரெண்டு வருஷத்துக்குள் தானாகவே உதிர்ந்துவிடுமாம். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அந்த வைரஸை அடையாளம் தெரிந்துகொள்ள அவ்வளவு நாள் பிடிக்கிறது. தெரிந்ததும் கூண்டோடு காலி. இதை வைத்து அம்மாவிடம் நான் சண்டைக்குப் போனதில்லை. உப்புக்கும் மிளகுக்கும் பக்கவிளைவு கிடையாது, சுண்ணாம்புக்கு உண்டு.

(நம்மூர் ராஜபாளையம் நாய்க்குட்டி உட்பட எந்த நாய்க்குட்டிக்கும் வாயில் இப்படி மரு வரும். அது நாய்க்கு உள்ள பாப்பிலோமா வைரஸ். அதுவும் தானாகப் போகும். நாயிடமிருந்து நமக்கு ஒட்டாது. குட்டியைத் தெருவில் விடாதீர்கள்.)

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். விரல் மரு, கால் ஆணி மாதிரி வருகிற மரு எல்லாம் 1, 2, 4 ஆகிய எண்களின் வேலை. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுழைந்து அடித்தட்டில் இருக்கிற செல்லில் குடியேறும். அந்த செல்லைப் பெருக வைத்துத் தானும் பெருகும். கேன்சர் ஆக்குகிற வழக்கம் இந்த எண்களுக்குக் கிடையாது. அப்படியானால் மர மனிதர்? அது பிறவியிலேயே வருகிற அபூர்வமான கோளாறு. சில வகை எச்.பி.வி.யை அடக்கும் சக்தி அவர்கள் தோலுக்கு இல்லை. அதனால் உடம்பெல்லாம் முளைக்கிறது. அவர்களில் 5, 8 என்ற எண் உள்ள வைரஸ்கள் வெயில் படுகிற இடங்களில் தோல் புற்றுநோயாகவும் மாறும். உங்கள் விரலில் இருக்கிற ஒற்றை மரு அந்த மனிதராக மாறாது. அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டினால் திரவ நைட்ரஜனோ சாலிசிலிக் அமிலமோ வைத்து எடுத்துவிடுவார்கள். வயசான பிறகு புதிதாக வந்து, வளர்ந்து, ரத்தம் கசிந்தால் மட்டும் உடனே காட்டணும். மரு கதை அவ்வளவுதான்.

ஆனால் வைரஸால் கேன்சர் வரும் என்கிற விஷயத்தை உலகம் தோலைப் பார்த்தும் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் காட்டு முயல்களுக்கு முகத்தில் கொம்பு மாதிரி முளைத்தது. ரிச்சர்ட் ஷோப் என்பவர் 1933ல் அது வைரஸ் என்று காட்டினார். அந்த மருக்கள் போகப் போகக் கேன்சராகவும் மாறுவதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகள் தோலில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வந்த கபோசி சார்கோமாவுக்குப் பின்னால் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸ் இருப்பது 1994ல் தெரிந்தது. மெர்க்கெல் செல் என்கிற அபூர்வ தோல் புற்றுநோயில் இன்னொரு வைரஸ், 2008ல். இதெல்லாம் அபூர்வம், நம்ம தெருவுக்கு வருகிறதில்லை.

தெருவுக்குத் தெரு வருகிறது ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பையின் வாய். அதன் வெளிப்பக்கத்தைப் போர்த்தியிருப்பதும் தோல் மாதிரியே தட்டைத் தட்டையாக அடுக்கின செல்கள்தான். ஈரமாக, உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஒரு தோல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே குடியேறுகிற எண்கள் 16ம் 18ம். செல் கெட்டுப்போனால் அதை நிறுத்துவதற்கு உடம்பில் ரெண்டு காவல்காரப் புரதங்கள் உண்டு. இந்த வைரஸ் ரெண்டையும் முடக்கிவிடும். ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹௌசன், எல்லாரும் வேறொரு வைரஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இல்லை, மரு வைரஸ் குடும்பம்தான் என்று அடம்பிடித்தார். 1983ல் 16ஐயும் அடுத்த வருஷம் 18ஐயும் பிடித்துக் காட்டினார். 2008ல் நோபல் பரிசு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது இந்த ரெண்டு எண்ணால் வருகிறது. 2022ம் வருஷத்துக்கான உலக மதிப்பீட்டில் இந்தியாவில் புதிதாக வந்தது 1.27 லட்சம் பேருக்கு. செத்தது ஏறக்குறைய 80 ஆயிரம் பேர்.

அதில் ஒருத்தராக, அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே, எங்க அத்தை போய்ச் சேர்ந்தார்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கட்டுப் போட்டாலும் அந்தத் துணி எங்க ஊர்த் தறியில் ஓடியதாக இருக்கலாம். அத்தை அங்கே துணி மடித்துக் கட்டுகிற வேலை. தீட்டு நின்று நாலு வருஷம் ஆனபிறகு, 2010ல், மறுபடி ரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வேஸ்ட் துணிக்கு அந்த ஊரில் பஞ்சமா? வேலை செய்த இடத்துத் துணியையே மடித்து வைத்துக்கொண்டு ஏழெட்டு மாசம் ஓட்டியிருக்கிறார். இடையில் ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு 'வெள்ளைப்படுதல், சூடு' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், படுக்க வைத்துப் பார்க்கக்கூட இல்லை. இடுப்பு வலி தாங்காமல் படுத்தபிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாம் நிலை. 2011ல் முடிந்துவிட்டது.

மதுரையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நான். என்ன நோய் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. டாக்டர் ஆம்பளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆம்பளைகள் வீட்டுக்கு வந்து பொம்பளைகளிடம் 'வயித்துல கட்டி'ன்னு சொல்லிவிட்டோம். அந்த ஆம்பளைகளில் நானும் ஒருத்தன். மதினிக்குத் தன் தாயார் எதனால் செத்தார் என்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ரெண்டாவது மெசேஜை அனுப்பியிருப்பாரா? அனுப்பியது மதினி, ஆனால் அவரை அனுப்ப வைத்தது நாங்கள் காத்த மானம்.

இப்போது இதைக் கேளுங்கள். 2000ல் ஆரம்பித்து திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமாக வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயசு வரை உள்ள கிராமத்துப் பெண்கள். ஒரு பகுதி ஊர்களில் 49 ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். இன்னொரு பகுதி ஊர்களில் வழக்கமான வைத்தியம் மட்டும். சோதனை என்றால் பெரிய மெஷின் இல்லை. பயிற்சி கொடுத்த நர்ஸம்மா, ஒரு டார்ச் வெளிச்சம் மாதிரி நல்ல விளக்கு, பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம். அதாவது கிட்டத்தட்ட நம்ம சமையல்கட்டு வினிகர்! கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கெட ஆரம்பித்த இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே குளிர்வித்து அழித்துவிடலாம். 2007ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வந்தது. கூப்பிட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு. நம்ம திண்டுக்கல்லைத்தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள்.

அதே 2007ல் உலக வங்கிக் கடனில் நடந்த தமிழக சுகாதாரத் திட்டத்தில் முன்னோட்டம் தொடங்கியபோது, இந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது தேனியையும் தஞ்சாவூரையும். எங்க விருதுநகர் மாவட்டத்துக்குக் கிடைத்தது ரத்த அழுத்தச் சோதனை. எல்லா மாவட்டத்துக்கும் அது விரிவடைவதற்குள் அத்தை போய்விட்டார். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் தேனி. 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று ரெண்டு மாவட்டத்துக் காட்டையும் ஒன்றாக்கினார்கள். புலிக்கு வழி இருக்கிறது. அத்தைக்கு இல்லாமல் போயிற்று. அரசாங்கத்தை மட்டும் திட்டினால் நியாயமில்லை. சோதனை இருந்திருந்தாலும் அத்தை போயிருப்பாரா? ஏழெட்டு மாசம் பெத்த மகளிடமே சொல்லாதவர், நர்ஸம்மாவிடம் காலை மடக்கிப் படுத்திருப்பாரா?

இனி, ஊசி வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு வருகிறேன். வாட்சப்பில் மட்டும் இல்லை, நம்ம பதிவர்களிலும் இருக்கிறார்கள். ரெண்டு மூன்று பேர் எனக்கு நண்பர்கள். பரவாயில்லை, டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

"ஒழுக்கமா இருக்கிற பொண்ணுக்கு இது எதுக்கு? இது உடலுறவால பரவுறதாச்சே." அய்யா, எங்க அத்தை வாழ்நாளில் ஒரே ஒரு ஆம்பளையைப் பார்த்தவர். மாமா எங்கே போனார் எங்கே வந்தார் என்று நான் எழுதப் போவதில்லை, அதுவும் தேவையில்லை. தாம்பத்தியம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் ஒட்டும். பத்தில் ஒன்பது பேருக்கு ரெண்டு வருஷத்தில் மரு உதிர்கிற மாதிரி தானாகவே போய்விடும். மிச்சப் பேருக்கு உள்ளே தங்கி, 15, 20 வருஷம் கழித்துக் கேன்சராக வருகிறது. இதில் ஒழுக்கத்துக்கு எங்கே மார்க் போடுவீர்கள்? இன்னொன்று. பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறார்களே, 2011ல் இருந்து நாடு முழுக்க. அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கிறது. அந்த வைரஸும் உடலுறவால் பரவும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குப் போடும்போது யாரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. பதிமூன்று வயசு ஆனதும் மட்டும் எங்கிருந்து வந்தது இது?

"2010ல் ஊசி போட்டு ஏழு பிள்ளைகள் செத்தது." இதைச் சொல்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். அப்போதைய ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வடோதரா ரெண்டு இடத்திலும் 2009ல் 'பாத்' என்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஏறக்குறைய 24 ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டது. ஏழு பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். விசாரித்ததில் பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வந்தன. ஊசிதான் கொன்றது என்று நிரூபணமாகவில்லை. ஆனால் பெற்றவர்களைக் கேட்காமல் ஹாஸ்டல் வார்டன்களே கையெழுத்துப் போட்டது நடந்தது. ஆதிவாசிப் பிள்ளைகளை அப்படி நடத்தியது அயோக்கியத்தனம். 2013ல் நாடாளுமன்றக் குழு கிழிகிழி என்று கிழித்தது, சரியாகத்தான் கிழித்தது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கையெழுத்து வாங்கும் முன்னால் தாயிடம் ஒழுங்காகச் சொல்லுங்கள் என்பது. தாயிடம் பொய் சொல்லிக் கையெழுத்தைத் தடுங்கள் என்பது இல்லை. அப்போது தாயை மறைத்து ஊசி போட்டது தப்பு என்றால், இப்போது தாயை ஏமாற்றி ஊசியைத் தடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

"மலடாக்கும்." ஆஸ்திரேலியாவில் 2007ல் பள்ளிக்கூடத்தில் போட ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இன்று பிள்ளை பெற்று இடுப்பில் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 12, 13 வயசில் முழுசாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருத்திக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024ல் கணக்குக் காட்டினார்கள். இதற்கு மேல் என்ன சொல்ல?

விலையைப் பற்றி மட்டும் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் வரும்போது 200லிருந்து 400 ரூபாய்க்குள் இருக்கும் என்றார்கள், 2022ல். தனியார் சந்தைக்கு 2023ல் வந்தபோது ஒரு டோஸ் 2000 ரூபாய். தறிக்காரர் வீட்டில் ரெண்டு பெண் பிள்ளை இருந்தால் என்ன செய்வார்? ஒரு டோஸே போதுமென்று உலக சுகாதார அமைப்பு 2022லேயே சொல்லிவிட்டது என்பது ஒரு ஆறுதல். தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 14 வயசுப் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போட 36 கோடி ஒதுக்கியது. அரசாங்கம் காசு ஒதுக்கி, ஊசி பள்ளிக்கூட வாசலுக்கு வருகிற அன்றைக்கு, நாம் ஒரு ஃபார்வர்டைக் காட்டிப் பிள்ளையை லீவு போட வைப்போமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மதினியைப் பார்த்தேன். பதினாலு வருஷத்துக்கும் மேலாகப் பரணில் கிடந்த அத்தை ஃபைலையும் எடுத்துக்கொண்டு போனேன். வாசித்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப எங்கம்மாவுக்கு கட்டி இல்லையா"ன்னு மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கழித்து, "நீயெல்லாம் படிச்சவன்தானே, எங்கிட்ட ஏன் சொல்லல"ன்னு கேட்டார். அதற்கும் இல்லை.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஊரைப் போட்டே எழுது. எம் பேரை மட்டும் போட்றாத" என்றார். பாப்பாவுக்கு ஊசி எங்கே போடுவார்கள், எப்போது போடுவார்கள் என்று விசாரிக்கச் சொன்னார். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், "இம்புட்டுப் பேசுதியே, ஒம் பொண்டாட்டிக்கு அந்த வினிகர் டெஸ்ட்டு எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு 39 வயசு. ஒரு தடவைகூட எடுத்ததில்லை. நான் கேட்டதும் இல்லை. அன்று ராத்திரி கேட்டேன். "நீங்க சும்மா இருங்க, எனக்கு என்ன நோவா?" என்றார். அப்புறம் மதினி போன் போட்டுப் பேசியிருக்கிறார், ரெண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மதினி காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.